சுங்கை பூலோவின் பன்னிரண்டு பேர்: வளராத கிருமி உயிரோடு இருப்பதை எப்படிச் சொல்வது?

மலேசியத் தலைநகருக்கு வெளியே உள்ள சுங்கை பூலோ தொழுநோய்க் குடியிருப்பு 1930இல் திறக்கப்பட்டது. அங்கே பத்தாண்டுக்கும் மேலாக மேற்பார்வையில் டாப்சோன் சிகிச்சை பெற்ற பன்னிரண்டு நோயாளிகளின் உடலிலிருந்து தோல், நரம்பு, தசைத் துணுக்குகளை மருத்துவர்கள் எடுத்தார்கள். பன்னிரண்டு பேரும் கிருமி மிகுந்த லெப்ரோமட்டஸ் வகை நோய் கண்டவர்கள். எல்லாருக்கும் நோய் நன்றாகவே அடங்கியிருந்தது. 1974இல் வாட்டர்ஸ், ரீஸ், மெக்டூகல், வெட்டல் ஆகியோர் முடிவை வெளியிட்டார்கள்: பன்னிரண்டில் ஏழு பேரிடம் உயிருள்ள தொழுநோய்க் கிருமி இருந்தது. அந்தக் கிருமிகள் டாப்சோனுக்குப் பணியாதவையும் அல்ல. சோதனையில் அதே மருந்து அவற்றின் வளர்ச்சியைத் தடுத்தது. பத்தாண்டுக் காலம் மருந்துக்கு நடுவிலேயே அவை உயிர் பிழைத்துக் கிடந்திருக்கின்றன.

இந்த முடிவைப் படிக்கும் யாருக்கும் முதலில் எழ வேண்டிய கேள்வி, மருந்து ஏன் தோற்றது என்பதல்ல. ‘உயிருள்ள’ என்று அவர்கள் எதை வைத்துச் சொன்னார்கள்? தொழுநோய்க் கிருமியை இன்றுவரை எந்த ஆய்வகத்திலும் எவரும் தட்டிலோ குழாயிலோ வளர்த்ததில்லை. மற்ற கிருமிகளுக்கு விடை எளிது. சத்துக் கலந்த வளர்ப்பு ஊடகத்தில் தடவி இரவு முழுக்க வைத்தால், காலையில் புள்ளி புள்ளியாகக் குடியேற்றம் தெரியும். தெரிந்தால் உயிர், தெரியாவிட்டால் பிணம். இங்கே அந்தக் கருவியே இல்லை. அது இல்லாமல் நூறாண்டுக்கு மேலாக எப்படித் தீர்ப்பு எழுதினார்கள், அந்தத் தீர்ப்புகள் எங்கெங்கே சறுக்கின, அவற்றை நம்பி எடுத்த சிகிச்சை முடிவு சரியா என்பதுதான் இந்த ஆய்வின் பொருள்.

தமிழ்நாட்டுக் கிருமி சொன்ன காரணம்

1873இல் நார்வேயின் பெர்கன் நகரில் ஆர்மவர் ஹான்சன் நோயாளிகளின் கட்டித் திசுவில் குச்சி வடிவக் கிருமியைக் கண்டார். மனிதருக்கு நோய் தரும் கிருமிகளில் மிக முன்னதாக அடையாளம் காணப்பட்டவற்றில் அதுவும் ஒன்று. அதை வளர்த்துக் காட்ட அவரால் முடியவில்லை. 1879இல் ஒரு பெண் நோயாளியின் கண்ணில், அவரது சம்மதம் கேட்காமல் கட்டித் திசுவைக் குத்திப் பார்த்தார். வழக்கு நீதிமன்றம் போனது. 1880இல் அவரது மருத்துவமனைப் பதவி பறிபோனது. வளராத கிருமி ஒரு நல்ல ஆய்வாளரை எந்த அளவுக்கு அத்துமீற வைத்தது என்பதற்கு இதைவிடப் பழைய சாட்சி இல்லை.

ஏன் வளரவில்லை என்பதற்குக் காரணம் 2001இல் கொஞ்சம் தெளிவானது. அந்த ஆண்டு இதன் முழு மரபணுத் தொகுதியைப் படித்து வெளியிட்டார்கள். படிக்கப்பட்ட வகையின் பெயர் ‘டி.என்.’. தமிழ்நாட்டு நோயாளியிடமிருந்து எடுத்து, அர்மடில்லோ என்ற அமெரிக்க விலங்கின் உடலில் பெருக்கிய கிருமி என்பதால் அந்தப் பெயர். அதன் மரபணுத் தொகுதி சுமார் 32.7 லட்சம் எழுத்துகள் கொண்டது. காசநோய்க் கிருமியுடையது 44 லட்சம். அளவைவிட அதிர்ச்சி தந்தது உள்ளே இருந்த இடிபாடு. வேலை செய்யும் மரபணுக்கள் சுமார் 1,600. செயலிழந்து எலும்புக்கூடாகக் கிடப்பவை 1,100க்கு மேல். உணவைச் சிதைக்கவும் மூச்சுவிடவும் தேவையான வழித்தடங்கள் பலவற்றை அது கைவிட்டிருக்கிறது. மனித உயிரணுவின் உள்ளே எல்லாம் கிடைப்பதால் வெளியே பிழைக்கத் தேவையானதை அது வைத்துக்கொள்ளவே இல்லை. எந்த ஊடகத்தைக் கலந்தாலும் ஏதோ ஒன்று குறைகிறது. அது எது என்று இன்னும் எவருக்கும் பிடிபடவில்லை.

பிழைப்பும் மெதுவானது. ஒன்று இரண்டாக 12 நாள் முதல் 14 நாள் வரை ஆகிறது. நம் குடலில் உள்ள ஈ-கோலை நல்ல ஊடகத்தில் இருபது நிமிடத்தில் செய்வதை இது இரண்டு வாரத்தில் செய்கிறது.

கண்ணாடித் தகட்டின் சாட்சி

நெடுங்காலம் கையில் இருந்தது நுண்ணோக்கி மட்டும். காது மடலையும் நெற்றியையும் விரலால் இறுகப் பிடித்து ரத்தம் வராமல் வெளுக்கச் செய்து, கத்தி முனையால் சிறு கீறல் போட்டு, சுரண்டி எடுத்த திசுச் சாற்றைத் தகட்டில் தடவுவார்கள். சீல்-நீல்சன் முறையில் சாயமேற்றினால் நீலப் பின்னணியில் கிருமிகள் சிவப்புக் குச்சிகளாகத் தெரியும். அவற்றை எண்ணி 0 முதல் 6 வரை ஒரு குறியீடு போடுவார்கள். இதுதான் பி.ஐ. எனும் கிருமிக் குறியீடு. ஒவ்வொரு படியும் பத்து மடங்கு. 6 என்றால் ஒரே பார்வைப் பரப்பில் ஆயிரத்துக்கு மேல்.

இந்த எண்ணிக்கையில் செத்ததும் இருப்பதும் ஒன்றாகவே சேர்ந்துவிடும். மெழுகுச் சுவர் கொண்ட இந்தக் கிருமியின் பிணத்தை உடல் மிக மெதுவாகத்தான் அப்புறப்படுத்துகிறது. நல்ல சிகிச்சையிலும் பி.ஐ. ஆண்டுக்கு ஏறத்தாழ ஒரு படிதான் இறங்கும். சிலருக்கு அதைவிடக் குறைவு. 5 என்று தொடங்கியவர் சுத்தமாக ஐந்தாறு ஆண்டு ஆகும். மருந்தை எவ்வளவு கூட்டினாலும் அந்த வேகம் மாறாது, ஏனென்றால் குப்பை அள்ளுவது மருந்தின் வேலை அல்ல.

அதனால் 1962இல் வாட்டர்ஸும் ரீஸும் வேறொன்றைக் கவனிக்கச் சொன்னார்கள். நுனி முதல் நுனி வரை சீராகச் சாயம் பிடித்த குச்சிகளும், துண்டு துண்டாக, மணி மணியாகச் சாயம் பிடித்தவையும் தனித்தனியே எண்ணப்பட்டன. சிகிச்சை தொடங்கியதும் முழுக் குச்சிகளின் விகிதம் சரிகிறது. டாப்சோனில் ஐந்தாறு மாதத்தில் கிட்டத்தட்ட பூச்சியமாகிறது. இந்த விகிதம்தான் எம்.ஐ. எனும் வடிவக் குறியீடு. முழுக் குச்சி உயிர், உடைந்த குச்சி பிணம் என்ற கணக்கு அமெரிக்காவில் ஷெப்பர்ட் செய்த சோதனைகளாலும் பெருமளவு உறுதியானது. முழுக் குச்சி அதிகமுள்ள மாதிரிதான் எலியில் வளர்ந்தது.

எம்.ஐ. அழகான கருவி. ஆனால் அதைப் பார்ப்பவரின் கண்ணை நம்பியது. சாயம் சற்று அதிகச் சூடேறினாலும், அமிலம் சற்றுக் கூடுதலாகக் கழுவினாலும் முழுக் குச்சி மணியாகத் தெரியும். ஒரே தகட்டை இரண்டு பேர் படித்தால் இரண்டு எண் வரும். பயிற்சி பெற்ற ஆய்வு மையங்களில் பயன்பட்ட இது, மாவட்ட மருத்துவமனை ஆய்வகத்தில் நிலைக்காமல் போனதில் வியப்பில்லை.

அதைவிட அடிப்படையான குறை ஒன்றுண்டு. பின்னால் ரிஃபாம்பிசின் வந்தபோது அது வெளிப்பட்டது. அந்த மருந்தை ஒரே ஒரு முறை கொடுத்த சில நாளிலேயே நோயாளியின் கிருமி எலியில் வளரும் திறனை இழந்தது. ஆனால் தகட்டில் எம்.ஐ. சரிய வாரக்கணக்கானது. உருவம் குலையாமல் நிற்கும் பிணம்! டாப்சோனில் நடந்ததோ நேர் எதிர்: எம்.ஐ. எப்போதோ பூச்சியமான பிறகும் சுங்கை பூலோவின் ஏழு பேரிடம் கிருமி உயிரோடிருந்தது. ஒரே கருவி இரண்டு பக்கமும் தவறுகிறது. முன்னது உயிர் போனதைத் தாமதமாகச் சொல்வது. பின்னது லட்சத்தில் ஒன்று உயிரோடிருப்பதைக் காணாமல் விடுவது. நூறு கிருமியைப் பார்த்து விகிதம் போடும் எவராலும் லட்சத்தில் ஒன்றைப் பிடிக்க முடியாது.

சுண்டெலியின் பாதம்

1960இல் அட்லாண்டாவில் சார்லஸ் ஷெப்பர்ட் வெளியிட்ட முறை இந்தத் துறையையே மாற்றியது. தொழுநோய் உடலின் குளிர்ந்த பகுதிகளை, அதாவது காது, மூக்கு, விரல்களை, விரும்பித் தாக்குகிறது. எலியின் உடலிலும் குளிர்ந்த இடம் பாதம். அங்கே சுமார் 5,000 கிருமிகளை மிகச் சிறிய துளியில் ஊசி போட்டார். ஆறேழு மாதம் கழித்துப் பாதத்தை அறுத்து, அரைத்து, தகட்டில் எண்ணினார். எண்ணிக்கை பத்து லட்சத்தைத் தொட்டிருந்தது.

விதை நெல்லை ஈரத் துணியில் முடிந்து வைத்து முளைப்புத்திறன் பார்ப்பது போன்றது இது. பார்வைக்கு நல்ல நெல்லும் முளைக்காமல் போகலாம். முளைத்ததை மட்டும் மறுக்க முடியாது. எலிப் பாதச் சோதனையின் வலிமை முழுவதும் இங்கேதான். பெருகியது என்றால் உயிர் இருந்தது, அதில் வாதமில்லை. பெருகவில்லை என்றால் என்ன சொல்லலாம் என்பதில்தான் சிக்கல் எல்லாம்.

கொஞ்சம் கணக்குப் போடுவோம். பாதத்தில் எண்ணிக்கை பத்து லட்சத்தை எட்டினால் எலியின் எதிர்ப்புச் சக்தி விழித்து வளர்ச்சியை நிறுத்திவிடுகிறது. ஊசி போட்ட 5,000உம் உயிருள்ளவை என்றால் 200 மடங்கு பெருக வேண்டும். ஏழெட்டு முறை இரட்டித்தால் போதும், மூன்று மாதச் சொச்சம். ஐயாயிரத்தில் ஐந்துதான் உயிர் என்றால் 2 லட்சம் மடங்கு, பதினேழு பதினெட்டு முறை இரட்டிக்க வேண்டும், ஏழு மாதத்துக்கு மேல். ஆக, எவ்வளவு தாமதமாக வளர்ந்தது என்பதே எத்தனை உயிர் இருந்தது என்பதற்கு ஒரு சாட்சி. ரிஃபாம்பிசின் போன்ற மருந்துகளின் கொல்லும் வேகத்தை அளக்க இந்தத் தாமதமும் பயன்பட்டது.

பிற்பாடு இன்னும் நேரான வழி வந்தது. மாதிரியைப் பத்துப் பத்து மடங்காக நீர்க்கச் செய்து, ஒரு எலிக் கூட்டத்துக்கு 5,000, அடுத்ததற்கு 500, பிறகு 50, பிறகு 5 என்று ஊசி போடுவது. ஓராண்டு கழித்து எந்தக் கூட்டத்தில் எத்தனை பாதத்தில் வளர்ந்தது என்று பார்த்தால், தொடக்கத்தில் உயிருள்ளவற்றின் விகிதத்தைக் கணக்கிட்டுவிடலாம். ஒரு மாதிரிக்கு நாற்பது, ஐம்பது பாதங்கள், ஓராண்டுக் காத்திருப்பு. எந்த மருத்துவமனையும் தாங்காத விலை. ஆனால் தொழுநோய் மருந்துகளைப் பற்றி நாம் உறுதியாக அறிந்த பலவும் இந்தப் பாதங்களிலிருந்து வந்தவைதான்.

இப்போது அந்தச் சிக்கலான பக்கம். சாதாரண எலிக்கு 5,000, மிஞ்சினால் 10,000 கிருமிக்கு மேல் போட்டுப் பயனில்லை. எதிர்ப்புச் சக்தி உடனே விழித்துவிடும். ஆகவே 5,000இல் ஒன்றுக்கும் குறைவாக உயிர் இருந்தால் எலி எதுவும் சொல்லாது. சிகிச்சை பெறாத லெப்ரோமட்டஸ் நோயாளியின் உடலில் பத்தாயிரம் கோடி கிருமி வரை இருக்கலாம். அதில் 5,000க்கு ஒன்று என்றால் 2 கோடி. எலி ‘இல்லை’ என்று சொல்லும் நேரத்தில் அந்த உடலில் 2 கோடி உயிருள்ள கிருமி இருக்கக்கூடும். இந்த ஒற்றைக் கணக்கைச் செய்து பார்க்காமல் ‘எலிச் சோதனையில் வளர்ச்சி இல்லை’ என்ற வரியைப் படிப்பவர்கள் ஏமாறுகிறார்கள்.

இதைத் தாண்ட லண்டன் மில் ஹில்லில் ரீஸ் ஒரு வழி கண்டார். எலியின் தைமஸ் சுரப்பியை நீக்கி, கதிர்வீச்சு கொடுத்து, எதிர்ப்புச் சக்தியை முடக்கினார். 1966இல் வெளியான முறை அது. அந்த எலிக்கு லட்சமோ அதற்கு மேலோ கிருமியை ஏற்றலாம். லட்சத்தில் ஒன்று உயிரோடிருந்தாலும் வளர்வதற்கு வாய்ப்பு உண்டு. பிறகு தைமஸ் நீக்கிய எலிக்குட்டிகளும், பிறப்பிலேயே தைமஸ் இல்லாத முடியற்ற எலிகளும் வந்தன. ஆனால் ஒரு சங்கடம் கூடவே வந்தது. லட்சக்கணக்கான பிணங்களை ஊசி போட்டால், பாதத்தை அறுக்கும்போது அந்தப் பிணங்களும் எண்ணிக்கையில் வரும். பெருகியதா, போட்டதே திரும்பி வந்ததா என்று பிரித்தறிய வேண்டும். சந்தேகமிருந்தால் அந்தப் பாதத்துச் சாற்றைப் புதிய எலிக்கு மாற்றி மறுபடியும் மாதக்கணக்கில் காத்திருக்க வேண்டும்.

எலிக்குப் போகும் முன்பே கிருமி சாகலாம் என்பதையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். உடலுக்கு வெளியே இதற்கு ஒத்துவரும் வெப்பநிலை 33 டிகிரி என்றும், உறையவைத்தால் பெரும்பகுதி செத்துவிடுகிறது என்றும் பின்னாளைய ஆய்வுகள் காட்டின. துணுக்கை ஆழ்குளிரில் போட்டு அனுப்பும் ஆய்வகம், விடையைத் தானே எழுதி அனுப்புகிறது என்று பொருள்.

ஆனால் எளிதில் சாகும் கிருமி என்றும் எடுத்துக்கொள்ளக் கூடாது. கே. வி. தேசிகனும் ஸ்ரீவத்சாவும் 1995இல் வெளியிட்ட ஆய்வில், நிழலில் உலர்த்திய கிருமி ஐந்து மாதம் வரையிலும், ஈர மண்ணில் 46 நாள் வரையிலும், நாளுக்கு மூன்று மணி நேர நேரடி வெயிலில் ஏழு நாள் வரையிலும் எலிப் பாதத்தில் வளரும் திறனோடு இருந்தது. உலரவைத்தால் ஐந்து மாதம் வரை தாங்குகிறது, உறையவைத்தால் பெரும்பகுதி தாங்குவதில்லை. ஊடகத்தில் வளர்க்கவே முடியாத ஒன்று இப்படி இருப்பது எனக்கு இன்னும் வியப்பாகத்தான் இருக்கிறது.

பணியாதவையும் பதுங்கியவையும்

சுங்கை பூலோவின் பன்னிரண்டு பேரை இந்தக் கருவிகளோடு மறுபடி பார்க்கலாம். அதே குடியிருப்பில்தான் பத்தாண்டுக்கு முன், 1964இல், பெட்டிட்டும் ரீஸும் டாப்சோன் எதிர்ப்பை முதன்முதலாக நிரூபித்திருந்தார்கள். மருந்து உண்டுகொண்டிருக்கும்போதே நோய் திரும்பியவர்களின் கிருமியை எடுத்து, தீவனத்தில் டாப்சோன் கலந்து கொடுத்த எலிகளின் பாதத்தில் போட்டார்கள். அந்த மருந்துக்கு நடுவிலும் அது பெருகியது. அதுவரை ‘நோயாளி மாத்திரையைச் சரியாக விழுங்கவில்லை’ என்று பழி போட முடிந்தது. அதன் பிறகு முடியவில்லை.

1974இன் முடிவு வேறு வகை. அந்த ஏழு பேரின் கிருமி டாப்சோன் கலந்த தீவனம் தின்ற எலியில் பெருகவில்லை. சாதாரணத் தீவனம் தின்ற எலியில் பெருகியது. மருந்துக்குப் பணியும் கிருமிதான், மருந்துக்கு நடுவிலேயே பத்தாண்டு இருந்திருக்கிறது. பெருகாமல் கிடக்கும் கிருமியில் மருந்து வேலை செய்யப் பெரிதாக எதுவும் இல்லை என்பதே இதற்குச் சொல்லப்படும் விளக்கம். டாப்சோன் கிருமியின் ஃபோலிக் அமிலத் தயாரிப்பைத் தடுக்கிறது. தயாரிப்பே நடக்காத இடத்தில் எதைத் தடுப்பது? இவற்றை எஞ்சிய கிருமிகள் என்போம்.

இங்கே ஒரு கணம் நின்று, பக்கத்துத் துறையைப் பார்ப்பது உதவும். 1982இல் ரீட்டா கோல்வெல்லின் குழு, கழிமுக நீரில் விட்ட காலராக் கிருமியும் ஈ-கோலையும் சில காலத்தில் ஊடகத்தில் வளர மறுத்தாலும் உயிரோடிருப்பதாகச் சொன்னது. அவர்கள் நம்பிய கருவிகளில் ஒன்று, ஜப்பானியர்கள் 1979இல் கண்ட முறை: கொஞ்சம் உணவும், பிரிவதைத் தடுக்கும் நலிடிக்ஸிக் அமிலமும் கொடுத்தால் உயிருள்ளவை பிரிய முடியாமல் நீளும். எதிர்த்தவர்கள் கேட்டது ஒரே கேள்வி. மறுபடி வளர்ந்தது என்கிறீர்களே, தூங்கியவை விழித்தனவா, அல்லது கணக்கில் சிக்காமல் மிஞ்சிய ஒன்றிரண்டு தூங்காத கிருமிகள் பெருகினவா? நான் பார்த்தவரை அந்த விவாதத்தின் பாதிக்கு இந்தக் கேள்விதான் முதுகெலும்பு. தொழுநோயில் அந்தக் கேள்விக்கு இடமில்லை, ஏனென்றால் இங்கே ‘வளரக்கூடிய நிலை’ என்ற ஒப்பீடே ஊடகத்தில் கிடையாது. ஆனால் சுமைக்கணக்கு அதேதான்: எத்தனை போட்டாய், எதற்குக் கீழே உன் கண் தெரியாது?

செங்கல்பட்டும் பமாக்கோவும்

எஞ்சிய கிருமிகள் உண்டு என்று தெரிந்ததும் மருத்துவ உலகம் இயல்பாக நினைத்தது: வலுவான மருந்துகளைச் சேர்த்துக் கொடுத்தால் அவையும் ஒழியும். 1970களின் இறுதியில் உலக சுகாதார நிறுவனத்தின் திட்டத்தின் கீழ் இரண்டு இடங்களில் இதைச் சோதித்தார்கள். ஒன்று ஆப்பிரிக்காவின் மாலி நாட்டுத் தலைநகர் பமாக்கோ. மற்றது நம் செங்கல்பட்டு. 1940களில் ராபர்ட் காக்ரேன் டாப்சோன் ஊசியைப் பரிசோதித்த அதே ஊர். முன்பு சிகிச்சையே பெறாத லெப்ரோமட்டஸ் நோயாளிகளுக்கு வெவ்வேறு மருந்துக் கூட்டுகளைக் கொடுத்தார்கள்: ரிஃபாம்பிசினைத் தினமும் கொடுத்ததும் உண்டு, மாதம் ஒருமுறை கொடுத்ததும் உண்டு. அவ்வப்போது துணுக்கெடுத்து, எதிர்ப்புச் சக்தி முடக்கிய விலங்குகளில் போட்டுப் பார்த்தார்கள்.

மாதிரிகளில் ஏறத்தாழ 9 விழுக்காட்டில் உயிருள்ள கிருமி கிடைத்தது. முக்கியமானது இதுதான்: எந்தக் கூட்டைக் கொடுத்தாலும் அந்த விகிதம் பெரிதாக மாறவில்லை. வலுவான கூட்டு, எளிய கூட்டு என்ற வேறுபாடு எஞ்சிய கிருமிகளிடம் செல்லுபடியாகவில்லை.

இந்த முடிவின் நடைமுறைப் பொருள் பெரிது. கடைசிக் கிருமி சாகும்வரை மருந்து கொடுப்பது என்ற இலக்கையே கைவிட வேண்டியிருந்தது. எந்தச் சோதனையாலும் கடைசிக் கிருமி செத்ததைக் காட்ட முடியாது, எந்தக் கூட்டும் அதைக் கூடுதல் வேகத்தில் கொல்லவும் இல்லை. இதற்கிடையில், 1981இல் கூடிய நிபுணர் குழு கூட்டு மருந்து சிகிச்சையை வகுத்துவிட்டது. மாதம் ஒருமுறை மேற்பார்வையில் 600 மில்லிகிராம் ரிஃபாம்பிசின், அதோடு குளோஃபாசிமின், தினமும் டாப்சோன். அந்தக் கூட்டின் முதல் நோக்கம் எதிர்ப்புள்ள கிருமி தலையெடுக்காமல் தடுப்பது. முதலில் குறைந்தது இரண்டாண்டு, முடிந்தால் தகட்டில் கிருமி மறையும்வரை என்றார்கள். பிறகு 24 மாதம் போதும் என்றார்கள். 1990களின் இறுதியில் 12 மாதமாகக் குறைத்தார்கள்.

அதாவது, தகட்டில் பி.ஐ. 4 இருக்கும்போதே ‘உங்கள் சிகிச்சை முடிந்தது’ என்று சொல்லி அனுப்புகிறார்கள். தகட்டில் தெரிவதில் மிகப் பெரும்பாலானது பிணம் என்ற நம்பிக்கையில் எடுத்த முடிவு இது. அந்த நம்பிக்கைக்கு ஆதாரம் எலியின் பாதம். மொத்தமாகப் பார்த்தால் சரியான முடிவு என்பதே என் கருத்து. ஒன்றரைக் கோடிக்கு மேற்பட்டவர்கள் இந்த மருந்தால் குணமடைந்தார்கள், நோய் திரும்பியவர்கள் மிகச் சிலர். வாழ்நாள் முழுவதும் டாப்சோன் விழுங்கச் சொன்ன காலத்தைவிட இது எவ்வளவோ மேல்.

ஆனால் சராசரிக்குள் ஒளிந்திருக்கும் ஒரு கூட்டம் உண்டு. தொடக்கத்தில் பி.ஐ. 4க்கு மேல் இருந்தவர்கள். பமாக்கோவில் இரண்டாண்டு சிகிச்சை முடித்த 35 பேரைப் பல ஆண்டு பின்தொடர்ந்ததில் ஏழு பேருக்கு நோய் திரும்பியது. கிருமிச் சுமை மிகுந்தவர்களிடமே அது குவிந்திருந்தது. மேலே போட்ட கணக்குதான் இங்கும்: பத்தாயிரம் கோடியில் லட்சத்தில் ஒன்று மிஞ்சினால் பத்து லட்சம், பத்துக் கோடியில் லட்சத்தில் ஒன்று மிஞ்சினால் ஆயிரம். தகட்டுச் சோதனையையே பல நாடுகளில் கைவிட்டு, தோலில் எத்தனை படை என்று எண்ணி வகைப்படுத்தும் வழக்கம் வந்தபோது, யார் இந்தக் கூட்டத்தில் இருக்கிறார் என்பதும் தெரியாமல் போனது. எளிமைக்காகச் செய்த அந்த மாற்றம் எனக்கு இன்றும் உடன்பாடில்லாதது. காது மடலில் ஒரு கீறலும் ஒரு தகடும் அவ்வளவு பெரிய செலவா?

புதிய சாட்சிகள்

எலி ஓராண்டு எடுக்கிறது என்பதால் விரைவான வழியை எல்லாரும் தேடினார்கள். இரட்டைச் சாயம் போட்டு, சுவர் உடைந்தவற்றில் மட்டும் புகும் சிவப்பையும் எல்லாவற்றிலும் புகும் பச்சையையும் ஒப்பிடுவது ஒரு வழி. கிருமிச் சுவரின் நிலையை அது சொல்லும். ஆனால் ரிஃபாம்பிசின் தாக்குவது சுவரை அல்ல, ஆர்.என்.ஏ. தயாரிப்பை. சுவர் நிற்கும் பிணம் பச்சையாகவே தெரியலாம். கதிரியக்கக் கரி சேர்த்த பால்மிட்டிக் அமிலத்தைக் கிருமிக்கு உணவாகக் கொடுத்து, வெளிவரும் கரியமில வாயுவை அளப்பது இன்னொரு வழி. ஒரு வாரத்தில் விடை கிடைக்கும்; புதிய மருந்துகளைச் சலித்தெடுக்க நன்றாக உதவியது. ஆனால் லட்சக்கணக்கான கிருமி தேவை, கிடைப்பதும் கூட்டத்தின் சராசரி மூச்சுதான். லட்சத்தில் ஒன்று விடும் மூச்சு அதில் கேட்காது.

டி.என்.ஏ.வைத் தேடும் பி.சி.ஆர். வந்ததும் சிலர் இனி எளிது என்று நினைத்தார்கள். டி.என்.ஏ. உயிருக்குச் சாட்சியே அல்ல. டென்மார்க், ஸ்வீடன், இங்கிலாந்து நாடுகளின் இடைக்கால எலும்புக்கூடுகளிலிருந்து தொழுநோய்க் கிருமியின் முழு மரபணுத் தொகுதியை 2013இல் படித்தார்கள். ஆண்டுகள் நூற்றுக்கணக்கில் கடந்தும் டி.என்.ஏ. அப்படியே இருந்தது!

அதனால் இப்போது கவனம் ஆர்.என்.ஏ. மேல். உயிரணு வேலை செய்யும்போது எழுதி, விரைவில் அழித்துவிடும் குறிப்பு அது. டி.என்.ஏ.வை அளந்து மொத்தக் கிருமி எத்தனை என்று கணக்கிட்டு, அதற்கு ஒப்பிட்டு ஆர்.என்.ஏ. எவ்வளவு என்று பார்க்கிறார்கள். சிகிச்சைக்குப் பிறகு எலிப் பாதத்தில் இந்த விகிதம் சரிவது பல ஆய்வுகளில் தெரிந்திருக்கிறது. நாள் கணக்கில் விடை கிடைக்கிறது. ஆனால் ரைபோசோம் ஆர்.என்.ஏ. சாவுக்குப் பிறகும் கொஞ்ச காலம் தங்கும். செய்தி ஆர்.என்.ஏ. விரைவில் மறையும் என்றாலும், பதுங்கிக் கிடக்கும் கிருமி அதை எழுதுவதே குறைவு. நாம் தேடும் எஞ்சிய கிருமிகளில்தான் இந்தக் கருவி மிகவும் மங்குகிறது. எலி அவற்றைப் பிடித்தது அவை விழித்துப் பெருகியதால், ஆர்.என்.ஏ. சோதனை அவற்றைத் தூங்கும்போதே பார்க்க முயல்கிறது. இரண்டும் வெவ்வேறு கேள்விகள். ஒன்றின் விடையை மற்றொன்றால் சரிபார்த்து, ஒத்துவரவில்லை என்று குறை சொல்லும் கட்டுரைகளைப் படிக்கும்போது எரிச்சல்தான் வருகிறது.

சிகிச்சை முடிந்தவர் திரும்பி வரும்போது

மருத்துவருக்கு இந்தக் கேள்வி வருவது ஒரே ஒரு சூழலில்: எம்.டி.டி. எனும் கூட்டு மருந்து சிகிச்சையின் அட்டைகளை முடித்துப் போனவர் இரண்டோ ஐந்தோ ஆண்டு கழித்துப் புதிய தடிப்போடு வந்து உட்காரும்போது. நோய் திரும்பிவிட்டதா, அல்லது செத்த கிருமியின் மிச்சத்தோடு உடல் சண்டை போடுகிறதா? பின்னதன் பெயர் எதிர்வினை; அது பிணங்களாலேயே வரும். கிருமி ஒன்றுகூட உயிரோடிருக்க வேண்டியதில்லை. முன்னதற்குக் கிருமிக்கொல்லி வேண்டும். பின்னதற்கு, நரம்பு சேதமாகும் முன், அழற்சியை அடக்கும் பிரெட்னிசோலோன் வேண்டும்.

எலிக்காக ஓராண்டு காத்திருக்க முடியாது. ஆகவே காலத்தையும் நடத்தையையும் பார்க்கிறார்கள். எதிர்வினை பெரும்பாலும் முதல் மூன்று ஆண்டுக்குள், திடீரென, பழைய படைகளிலேயே சிவந்து வீங்கி வரும். மறுநோய் அதற்குப் பின், மெதுவாக, புதிய இடங்களில் வரும். தகட்டில் பழைய பி.ஐ.யைவிட இரண்டு படி ஏறியிருந்தால் அது பிணங்களால் நடக்க முடியாது, பிணம் பெருகாது. ஏறாவிட்டாலும் சந்தேகம் நீடித்தால் பிரெட்னிசோலோன் கொடுத்துப் பார்க்கிறார்கள். நான்கு வாரத்தில் நன்றாக வற்றினால் எதிர்வினை. வற்றாவிட்டால் துணுக்கெடுத்து, ரிஃபாம்பிசினுக்கும் டாப்சோனுக்கும் எதிர்ப்பைத் தரும் மரபணு மாற்றங்கள் உள்ளனவா என்று டி.என்.ஏ.வைப் படிக்கிறார்கள். அங்கே கிருமி உயிரோடிருக்கிறதா என்பது பொருட்டே இல்லை, செத்த கிருமியிலும் அந்த எழுத்துகளைப் படிக்கலாம். மாற்றம் இல்லையென்றால் அதே எம்.டி.டி.யை இன்னும் 12 மாதம். இருந்தால் இரண்டாம் நிலை மருந்துகள்.